கொஞ்ச காலம் கிளியாக இருங்கள்

அவைக்கு வணக்கம்.

இந்த ஓராண்டு ஓவியப் பயிற்சிக்கு நீங்கள் அனுப்பிய விண்ணப்பங்களைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஆளுக்கு ஆள் சொற்கள் மாறினாலும் பதில் ஒன்றுதான். எனக்கென்று ஒரு பாணி வேண்டும். படத்தைப் பார்த்ததும் இது இன்னார் வரைந்தது என்று தெரிய வேண்டும். நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசையை நேரடியாகத் துரத்தினால் அது கைக்குச் சிக்குவதில்லை என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

வித்தியாசமாக வரைந்தே தீருவது என்று கிளம்பியவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அதே நீண்ட கழுத்து, அதே மூடிய கண், ஓரத்தில் அதே தங்க நிறத் தீற்றல். எல்லோரும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி வித்தியாசமாகியிருப்பார்கள். வித்தியாசம் என்று நாம் நினைத்துக்கொள்வது, அந்தக் காலத்தில் புழங்கிக்கொண்டிருக்கிற ஒன்றைத்தான். உண்மையிலேயே நமக்குச் சொந்தமானது எதுவோ, அது நம் கண்ணுக்குப் படாது. அவ்வளவு பழகிப் போயிருக்கும். அதை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழிகாட்டி என்று ஒருவர் தேவைப்படுவது அதற்குத்தான். தூரிகையை எப்படிப் பிடிப்பது, நிழலை எப்படித் தீட்டுவது என்பதையெல்லாம் இப்போது காணொளியிலேயே கற்கலாம், நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஆனால் உங்கள் படங்கள் அத்தனையையும் ஒருசேரப் பார்த்து, "நீங்கள் அறியாமலேயே திரும்பத் திரும்பச் செய்வது இது" என்று சொல்லக் காணொளிக்குக் கண் கிடையாது.

ஆகவே உங்கள் முதல் சந்திப்பில் பாடம் இருக்காது. கையில் உள்ளதையெல்லாம் கொண்டுவரச் சொல்வோம். நல்லதாகப் பொறுக்கி எடுத்து வராதீர்கள். பாதியில் விட்டது, கிழித்துப் போட நினைத்தது, தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கியது எல்லாம் வேண்டும். தரையில் பரப்பிவிட்டு நீங்கள் வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தீர்களானால் நாங்கள் படத்தை விட்டுவிட்டு விளக்கத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். வழிகாட்டியும் வெகுநேரம் ஒன்றும் பேசமாட்டார். சுற்றிச் சுற்றி நடப்பார், அவ்வளவுதான். இந்த மௌனம் பலருக்குத் தாங்காது. பழகிக்கொள்ளுங்கள்.

முன்பு இங்கே பயின்ற ஒரு பெண்மணி பூக்களை நீர்வண்ணத்தில் வரைவார். கைத்திறனில் குறையே சொல்ல முடியாது. நனைந்த தாளில் வண்ணத்தைப் பரவவிட்டு, எந்த இடத்தில் அது நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தத் தெரிந்தவர். ஆனால் அந்தப் பூக்களை வேறு யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். ஒரு தாளைக் கையில் எடுத்தபோது பின்பக்கத்தில் பேனாக் கோடுகள் தெரிந்தன. திருப்பினேன். ஒரு நாற்காலியின் கால்கள், மேசையின் அடிப்பலகை, அதில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி, கடந்து போகிற யாரோ ஒருவரின் குதிகால். பார்வை மட்டம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் இல்லை. இன்னும் சில தாள்களைத் திருப்பினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. கீழ்ப்படியிலிருந்து அண்ணாந்து பார்த்த மாடிப்படி. கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடுக்கு, அதன் வழியே வரும் வெளிச்சம். எல்லாமே தவழும் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தவை.

"இவற்றை ஏன் தனியாக வைக்கவில்லை?" என்று கேட்டேன். "அது சும்மா. ஒரு படம் காயும்வரை பழைய தாளின் பின்னால் கிறுக்கியது" என்றார்.

பூக்களில் இருந்த திறமை அவர் கற்றுக்கொண்டது. அந்த உயரம் அவருடையது. முழங்காலுக்கு மேலே இருக்கும் எதையும் சில வாரங்களுக்கு வரையக் கூடாது என்று பணி கொடுத்தோம். அவருக்குக் கோபம் வந்தது. பணம் கட்டிச் சேர்ந்தது நாற்காலிக் கால் வரையவா என்று கேட்டார். கேட்டுவிட்டு வரைந்தார். இன்றைக்கும் பூ வரைகிறார், வரையட்டும். ஆனால் இப்போது காம்புப் பக்கமிருந்து, இதழின் அடிப்புறம் தெரியும்படி வரைகிறார்.

பார்த்துச் சொல்வதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேனே, சொல்லாமல் இருப்பது அதைவிடக் கடினம். வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் தம் நினைவுகளில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். அவருடைய மாணவர் நந்தலால் போஸ், தவக்கோலத்தில் உமையை வரைந்து கொண்டுவந்து காட்டினார். குருவுக்குப் படம் வறண்டு தெரிந்தது. கொஞ்சம் வண்ணம் சேர்க்கலாம், உமைக்குச் சிறிது அலங்காரம் செய்யலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தவம் இருக்கிறவளுக்கு அலங்காரம் எதற்கு? மாணவன் கண்ட உமை வேறு, தான் காண விரும்பிய உமை வேறு என்பது உறைத்தது. விடிந்ததும் ஓடிப்போய், நந்தலால் படத்தில் கை வைப்பதற்குள் தடுத்து நிறுத்தினார்.

இந்தக் கதையைக் குருவின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. மாணவர் ஏன் மறுப்பேதும் சொல்லாமல் திரும்பிப் போனார்? அந்தக் குருவுக்கு இரவு நன்றாகத் தூக்கம் வந்திருந்தால் அந்தப் படம் என்ன ஆகியிருக்கும்? உங்கள் வழிகாட்டிகள் எல்லோரும் அப்படித் தூக்கம் கெடுகிறவர்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அதனால் இங்கே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். வழிகாட்டி உங்கள் தாளைத் தொடமாட்டார். திருத்தம் காட்ட வேண்டுமானால் மேலே ஒரு மெல்லிய தாளைப் போட்டு அதில்தான் கோடு போடுவார். அதை எடுத்துவிட்டால் அடியில் உங்கள் படம் அப்படியே இருக்கும். திருத்தம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அன்றைக்கே மூலப் படத்தில் செய்யாதீர்கள். ஒரு கை வந்து ஒரே இழுப்பில் மூக்கைச் சரிசெய்துவிட்டுப் போனால் படம் நிமிர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த முகத்தில் அந்த மூக்கு மட்டும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்.

நகலெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தப் பாணி வேண்டும் என்று வருகிறவர்கள், பிறர் படத்தைப் பார்த்து வரையச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டும் நெய்யரி ஆகியவை கடை. கிளியை நூலாசிரியர் பவணந்தியார் எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்கிற கிளிக்குத் தலையிடம் இல்லை. ஆனால் கடைசி வரிசைக்கும் தள்ளவில்லை. நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பதால் கடந்து போகலாம். (செடிக்குச் செடி தாவி ஒவ்வொன்றிலும் ஓர் இலை கடிக்கும் ஆட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஒரே சமயத்தில் பல வகுப்புகளில் சேர்ந்திருப்பவர்கள் மன்னிக்கவும்.) தலையிடத்தில் உள்ள பசு என்ன செய்கிறது? கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் படுத்து அசைபோடுகிறது. முதலில் மேய வேண்டும் ஐயா. அசைபோடுவது அப்புறம்.

பிரெஞ்சு ஓவியர் செசான் இப்படித்தான் மேய்ந்தார். அவருக்கு மூத்த ஓவியரான பிஸ்ஸாரோ 1871-இல் லூவெசியென் என்ற ஊரை வரைந்த நிலக்காட்சி ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு செசான் அதைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார். அப்போது அவர் சின்னப் பையன் அல்ல, முப்பதைக் கடந்தவர். இரண்டு படங்களும் இன்றும் இருக்கின்றன. அச்சிலாவது அருகருகே வைத்துப் பாருங்கள். அதே பாதை, அதே மரங்கள், அதே வீடுகள். ஆனால் பிஸ்ஸாரோவிடம் காற்றில் கரைந்து நிற்கும் விஷயங்கள், செசானிடம் அழுத்தமான வண்ணத் திட்டுகளாக இறுகியிருக்கின்றன. அப்படியே எடுக்க வேண்டும் என்று முயன்ற இடத்திலேயே அவருடைய கை வெளிப்பட்டுவிட்டது. நகலின் பயன் அதுதான்: எங்கே உங்களால் அப்படியே எடுக்க முடியவில்லையோ, அந்த இடத்தில் குறித்து வையுங்கள். சில தோல்விகள் பயிற்சிக் குறைவு, சரிசெய்துகொள்ளலாம். சில, நீங்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்கிறேன்.

அதே செசான் 1906-இல், அறுபத்தேழு வயதில், தான் இறந்த ஆண்டில், சொந்த ஊரில் நடந்த கண்காட்சியின் பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் "பிஸ்ஸாரோவின் மாணவர்" என்று போட்டுக்கொண்டார். பிஸ்ஸாரோ இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காலகட்டத்தில் செசானைவிடத் தனித்த குரல் ஓவியத்தில் யாருக்கு இருந்தது? வான் கோவும் கடைசி வரை நகலெடுத்தவர்தான். 1889, 1890-இல் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்துச் சுமார் 20 ஓவியங்கள் தீட்டினார். அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். வண்ணம் முழுக்கத் தன்னிடமிருந்து வர வேண்டியிருந்தது, வந்தது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். சிற்பி பிரான்குசி 1907-இல் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் பட்டறையில் சேர்ந்து, மிகக் குறுகிய காலத்திலேயே வெளியேறினார். பெரிய மரங்களின் அடியில் எதுவும் வளராது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பயம் நிஜமானது. வழிகாட்டியைப் போலவே வரைந்து, வழிகாட்டியைப் போலவே பேசி, கடைசியில் அவரைப் போலவே கையெழுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாராட்டு நிறையக் கிடைக்கும், பெரும்பாலும் அந்த வழிகாட்டியிடமிருந்தே.

ஆனால் எல்லா மரங்களும் அப்படி இல்லை. சற்று முன் சொன்ன நந்தலால் போஸ் பின்னர் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனத்துக்குத் தலைமை ஏற்றார். அவரிடம் பயின்ற ராம்கிங்கர் பைஜ் 1938-இல் "சந்தால் குடும்பம்" என்ற சிற்பத்தைத் திறந்த வெளியில் சிமென்ட் காங்கிரீட்டிலும் செம்பாறைச் சரளையிலும் எழுப்பினார். நந்தலாலின் மென்மையான கோட்டுக்கும் அந்தச் சொரசொரப்புக்கும் என்ன உறவு? அதே ஆசிரியரிடம் பயின்ற பினோத் பிகாரி முகர்ஜியின் சுவரோவியங்கள் இருவர் வழியிலும் இல்லை. நமக்குப் பக்கத்தில் பார்த்தால், உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவர்தான் கே.சி.எஸ். பணிக்கர், எழுத்தும் குறியீடும் நிரம்பிய பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் அந்த ஆசிரியரின் சாயலைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே தரலாம். ஆசிரியரின் தகுதியை அறிய அவருடைய படங்களைப் பார்க்காதீர்கள். அவருடைய மாணவர்களின் படங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே முகச்சாயலில் இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேறு இடம் தேடுங்கள்.

பயிற்சியின் நடுப்பகுதியில் கட்டுப்பாடுகள் வரும். ஒரே அளவுத் தாள், ஒரே கருவி, பல நேரம் ஒரே பொருள். முன்னால் இருப்பது ஒரே குவளை, கையில் இருப்பது ஒரே கரித்துண்டு என்றால், பொருளின் புதுமையிலும் வண்ணத்தின் கவர்ச்சியிலும் ஒளிந்துகொள்ள முடியாது. ஒருவர் குவளையின் விளிம்பையே சுற்றிச் சுற்றி வருவார், ஒருவர் அதன் நிழலை வரைந்து குவளையை மறந்துவிடுவார். பினோத் பிகாரிக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. 1950களில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவும் முற்றிலும் போயிற்று. அதன் பின்னும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். உங்களிடம் நாங்கள் பறித்துக்கொள்வது சில வண்ணக் குழாய்களை மட்டும்தான்; அதற்கே புகார் வரும், தெரியும்.

வழிகாட்டியிடம் என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. "உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று? எங்கே நின்றுவிட்டது? எங்கே திரும்பிப் போகவே இல்லை?" என்று கேளுங்கள். தீர்ப்பு சொல்வதற்கு முன் கண்டதைச் சொல்ல வைப்பது உங்கள் பொறுப்பு. சக மாணவர்களிடமும் இதையே கேளுங்கள். சில சமயம் அவர்கள் எங்களைவிடக் கூர்மையாகச் சொல்வார்கள், எங்களிடம் ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும். விருப்பக்குறிகளை எண்ணிப் படத்தை எடைபோடுவதை இந்த ஓராண்டுக்காவது நிறுத்திவைத்தால் நல்லது. பழைய படத்தை மீண்டும் வரையச் சொல்லும் கூட்டத்துக்கு உங்கள் அடுத்த படத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

கடைசி மூன்று மாதங்களில் ஒரே விஷயத்தைத் தொடர்ந்து ஒரு வரிசையாக வரைவீர்கள். அப்போது நீங்கள் கூப்பிட்டால் தவிர வழிகாட்டி வரமாட்டார். கூடவே ஒரு பக்கத்தில், சாதாரணச் சொற்களில், நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதித் தர வேண்டும். ஆழ்மனம், பிரபஞ்சம், எல்லையற்ற தேடல் ஆகிய மூன்றும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. நாற்காலிக் கால் வரலாம்.

வழிகாட்டிகள் நான்கு பேர். அவர்களுடைய பழைய மாணவர்களின் படங்களைப் பக்கத்து அறையில் மாட்டியிருக்கிறோம். வழிகாட்டிகளின் சொந்தப் படங்களை வேண்டுமென்றே மாட்டவில்லை. இடைவேளையில் போய்ப் பாருங்கள். பழைய மாணவர்கள் சிலரும் அங்கே இருக்கிறார்கள், தயங்காமல் கேளுங்கள். யாரிடம் சேர விரும்புகிறீர்கள் என்பதை மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.