பணம் எந்தக் கணக்குக்குப் போனது?

நேயர்களுக்கு வணக்கம். தென்காசி, தருமபுரி பக்கத்திலிருந்தெல்லாம் தில்லிக்குப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித்தொகை பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் வெகுநாளாகச் சொல்லி வருவது ஒன்றுதான். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அது வேண்டிய நேரத்தில் கைக்கு வர வேண்டும்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் கேட்கலாம். இளங்கலைக்கு வருடம் 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும் அதேதான், ரயிலேறி வந்து தில்லி விஜய் நகரில் பேயிங் கெஸ்டாக இருக்கிற பிள்ளைக்கும் அதேதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சரி, அந்தப் பணமாவது நேரத்துக்கு வருகிறதா? ஹாஸ்டல் கிடைக்காத பிள்ளை அட்வான்ஸும் வாடகையும் தர வேண்டியது வந்து இறங்கிய வாரத்திலேயே. உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு, கல்லூரி சரிபார்த்து, மேலிடம் சரிபார்த்துப் பணம் வருவதற்குள் பல மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், தருமபுரிப் பக்கம். முதல் வருடப் பணம் ஊர் வங்கிக் கணக்குக்கு ஒழுங்காக வந்தது. இரண்டாம் வருடம் உதவித்தொகை போர்ட்டலில் பணம் அனுப்பியாயிற்று என்று இருக்கிறது, பாஸ்புக்கில் இல்லை. வாடகை பாக்கி. மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இடையில் ஒரு வங்கி முகாமில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து, படிவத்தில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆதார் அந்தக் கணக்குக்கு மாறிவிட்டது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், எந்தக் கணக்கோடு ஆதாரைக் கடைசியாக இணைத்தோமோ அங்கேதான் போகும். அந்த ஏ.டி.எம். கார்டு வந்த கவரைக்கூட அவள் பிரிக்கவில்லை. பணம் பூராவும் அங்கே இருந்தது.

மறுபடியும் சொல்கிறேன், கடைசியாக இணைத்த கணக்கு. ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கிறது, ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். புதுக் கணக்கு திறந்தால் அங்கே போய்ப் பார்த்துவிடுங்கள். இதைக் கேட்கிற அப்பா அம்மா, இன்றைக்கே பிள்ளைக்குப் போன் போடுங்கள்.

அப்புறம், பட்டியலினப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கானது. வருமான வரம்பு 2.5 லட்சம். தில்லியில் படித்தாலும் சொந்த மாநிலமான தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே அலைந்து பிரயோஜனமில்லை. வருமானச் சான்றிதழை ரயிலேறும் முன்பே இ-சேவை மையத்தில் எழுதிப்போட்டு வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபிறகு அதற்காக அப்பா ஒரு நாள் கூலியை விட்டு அலைய வேண்டியிருக்கும்.

கல்விக் கடன் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கேட்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.