சுண்டெலியின் டெட்1 நொதியும் அதற்கு வேண்டிய இரும்பும்

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு நொதியைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். என் விரல்களுக்கு இடையே நீங்கள் காணும் இந்தச் சிறிய குழாயின் அடியில் இருப்பது, டி.என்.ஏ.வில் ஏறிய மெத்தில் குறிகளை வேதிமாற்றம் செய்யும் சுண்டெலியின் டெட்1 நொதி. இது எலியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டதன்று. எலியின் டெட்1 மரபணுவில் வினையூக்கப் பகுதிக்குரிய துண்டை மட்டும் பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸில் இணைத்து, பூச்சிச் செல்களில் உற்பத்தி செய்து, தூய்மையாகப் பிரித்தெடுத்த மறுசேர்க்கைப் புரதம்.

2009ஆம் ஆண்டில் சயின்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்றில், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் கிரியாசியோனிஸும் ஹைன்ட்ஸும் எலியின் சிறுமூளையிலுள்ள புர்கின்ஜி நரம்பணுக்களில் மொத்த நியூக்ளியோடைடுகளில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின் (டி.என்.ஏ.வின் 'சி' எழுத்தான சைட்டோசினில் மெத்தில் ஏறினால் மெத்தில்சைட்டோசின்; அதில் ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் இது) இருப்பதைக் காட்டினர். மற்றொன்றில், ஹார்வர்டில் இயங்கிய அஞ்சனா ராவின் குழு, மெத்தில்சைட்டோசினை அந்த வடிவத்துக்கு மாற்றுவது டெட்1 நொதியே என்று நிறுவியது. இதே நொதி அங்கேயே நின்றுவிடாமல், படிப்படியாக மேலும் ஆக்சிஜனேற்றிக் கார்பாக்ஸில்சைட்டோசின் வரை கொண்டுசெல்லும் என்பது 2011இல் தெரியவந்தது.

ஆய்வகத்தில் இந்த நொதிக்கு மதிப்பு வந்தது அந்தக் கடைசிப் படியால்தான். சாதாரண சைட்டோசினை யூராசிலாக்கி 'டி' என்று படிக்கவைக்கும் வழக்கமான பைசல்ஃபைட் முறையில் மெத்தில்சைட்டோசினும் ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசினும் ஒன்றுபோலவே 'சி' என்று படிக்கப்படுகின்றன, பிரித்தறிய வழியில்லை. 2012இல் சுவான் ஹே, பிங் ரென் ஆகியோரின் குழுக்கள் வெளியிட்ட டேப்-சீக் முறையில், முதலில் ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின் மீது குளுக்கோஸை ஏற்றிப் பாதுகாத்துவிட்டு, பிறகு எலி டெட்1ஐச் சேர்த்து, எஞ்சிய மெத்தில்சைட்டோசின் அனைத்தையும் கார்பாக்ஸில் வடிவத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். பைசல்ஃபைட் அதை யூராசிலாக்கிவிடும். பாதுகாக்கப்பட்டது மட்டுமே 'சி' என்று தெரியும்.

'அனைத்தையும்' என்ற சொல்லை நீங்கள் மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு மெத்தில்சைட்டோசின்களில் ஐந்தை நொதி தொடாமல் விட்டுவிட்டால், அந்த ஐந்தும் ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசினாக வேடமிட்டு முடிவுகளில் வந்து நிற்கும். பல திசுக்களில் உண்மையான அளவே மிகக் குறைவு என்பதால், பொய்க்குறியும் மெய்க்குறியும் ஒரே உயரத்தில் நிற்கும். எந்தக் கணினி நிரலாலும் பின்னர் அவற்றை முழுமையாகப் பிரிக்க இயலாது. ஆகவே, முழுவதும் மெத்தில் ஏற்றிய லாம்டா டி.என்.ஏ.வை (லாம்டா என்ற பாக்டீரியா வைரஸின் டி.என்.ஏ.) சிறிதளவு மாதிரியோடு கலந்து, அதில் எத்தனை விழுக்காடு மாற்றம் நிகழ்ந்தது என்று பார்க்காமல் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மாற்றம் குறைந்தால் பலரும் உடனே நொதியைப் பழிக்கிறார்கள். ஆனால் இந்த நொதி தனியாக வேலை செய்வதில்லை. ஃபெரஸ் நிலையில் (இரு நேர்மின்னேற்றம் உடைய) இரும்பு, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். இரும்பை அந்த நிலையிலேயே வைத்திருக்க அஸ்கார்பிக் அமிலமும் சேர்க்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்குப் பயன்படுத்திய அதே ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைத்தான் இங்கும் எடை போடுகிறோம். கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள்: இடப்பக்கக் குழாயில் இப்போது கரைத்தது, மிக வெளிறிய பச்சை, வலப்பக்கத்தில் நேற்று கரைத்து வைத்தது, இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து மஞ்சளாகிப் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. வலப்பக்கக் குழாயை வினைக்குப் பயன்படுத்தவே கூடாது.

இன்னொரு எதிரி ஈ.டி.டி.ஏ. டி.என்.ஏ.வைச் சேமிக்கும் டி.இ. கரைசலில் அது எப்போதும் இருக்கும், இரும்பைக் கவ்விக்கொள்ளும். அதனால் மாதிரியைத் தூய்மையாக்கும்போது கடைசியில் தூய நீரிலோ ஈ.டி.டி.ஏ. இல்லாத டிரிஸ் கரைசலிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பைசல்ஃபைட் டி.என்.ஏ.வைப் பெருமளவு சிதைப்பதால், 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவொன்று அதை விலக்கி, இதே எலி டெட்1ஐப் போரேன் சேர்மத்தோடு இணைத்து டேப்ஸ் என்ற முறையை வெளியிட்டது. அதில் மெத்தில் ஏறிய சைட்டோசின்தான் 'டி' என்று மாறிப் படிக்கப்படும். மெத்தில் ஏறாதது அப்படியே நிற்கும். அளவில் சிறிய, அரிய மாதிரிகளுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் இங்கே நொதி தவறவிட்டால் பிழை எதிர்த்திசையில் போகும்: இல்லாதது தோன்றாது, இருக்கும் மெத்திலேற்றம் குறைவாகத் தெரியும். எனவே லாம்டா கட்டுப்பாட்டு மாதிரியை இந்த முறையிலும் விடாமல் சேருங்கள்.