கருமுட்டைக்குத் தொண்ணூறு நாள்

நேயர்களுக்கு வணக்கம். உடல் எடை கருமுட்டையையும் கருத்தரிப்பதையும் எப்படிப் பாதிக்கிறது என்று இன்று பார்ப்போம். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் பாம்பன், மண்டபம் பக்கம் வெயில் கறுப்பு என்பார்கள், செயின் உரசியது என்பார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது போகவில்லையென்றால், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மாதவிலக்கும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், கருமுட்டை ஒழுங்காக வெளிவரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

இடுப்பளவைப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு 60 கிலோவைத் தொட்டாலே நம்மவர்களுக்கு உடல் பருமன்தான்.

வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதை ஈடுகட்ட உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலின் தூண்ட, சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையையும் சுமக்கும் சிறு பையான முட்டைப்பை பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். முட்டை வெளிவந்தாலும் தரம் கெட்டிருக்கலாம். அந்த ஒரு செல்லுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் சக்தி தயாரிக்கின்றன. விசைப்படகு எஞ்சின் புகை கக்குவதுபோல, அவற்றிலிருந்து ஆக்சிஜன் கழிவுகளும் வரும். உடல் அடக்கக்கூடிய அளவை அது மீறினால், மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் இழைகள் சிதையும். குரோமோசோம் எண்ணிக்கை தவறிய கரு பெரும்பாலும் பதியாது, அல்லது தொடக்கத்திலேயே கலைந்துவிடும்.

முட்டைப்பையின் கடைசிக்கட்ட வளர்ச்சிக்கு ஏறக்குறைய 90 நாள் ஆகும். ஒரே வாரம் பட்டினி கிடந்து பலனைத் தேடாதீர்கள். 72 கிலோ இருப்பவர் 4 கிலோவிலிருந்து 7 கிலோ வரை குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. வயதால் முட்டைக்கு வரும் தேய்மானத்தை மட்டும் எடைக்குறைப்பு திருப்பித் தராது.

மத்தி, சூடை, நெத்திலி நல்லவை, குழம்பாக வையுங்கள். நேற்றுப் பொரித்த எண்ணெயை இன்றும் காய்ச்சாதீர்கள். டீக்கு 2 ஸ்பூன் வீதம் 4 டீ குடித்தால் 40 கிராம் சர்க்கரை அதிலேயே போய்விடுகிறது. கருப்பட்டிக்கு மாறினால் சரி என்பார்கள், அதுவும் சர்க்கரைதான். கீழக்கரைத் தொதல் இனிப்பு விசேஷ நாளோடு நிற்கட்டும். வாரத்தில் 5 நாள், அரைமணி நேரம் வேர்க்க நடந்தால் போதும்.

ஆக்சிஜன் கழிவுகளை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை முட்டையைப் புதுப்பிக்கும் என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை. அதற்கான சான்று பலவீனமானது. மீன் ஈரல் எண்ணெயை நீங்களாகக் குடிக்காதீர்கள். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்குக் கேடு. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கிவிடுங்கள். எடை கூடியவர்களுக்கு அளவு மாறலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லையென்றால், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறே மாதத்தில், பரிசோதனைக்குப் போக வேண்டும். எடை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கணவரும் கூடவே வரட்டும். 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு விந்துப் பரிசோதனை கொடுக்க வேண்டும். மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழித்தபின் கடைசியில் செய்யும் பரிசோதனை அல்ல அது, முதல் நாளே செய்ய வேண்டியது.