கான்வென்ட்டுக்குள் ராணுவம் எப்படி வந்தது?

மெக்சிகோவின் வஹாகா நகரத்தில் இருக்கிற சாந்தோ டொமிங்கோ என்ற சர்ச்சையும் அதை ஒட்டிய கான்வென்ட்டையும் பற்றிப் போன வீடியோவில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த ஒருவர் கேட்கிறார்: "கான்வென்ட் என்றால் கன்னியாஸ்திரிகள் மடம்தானே? அங்கே ராணுவம் இருந்தது என்கிறீர்கள், இப்போது மியூசியம் என்கிறீர்கள். அப்படியானால் அது சர்ச்சா, இல்லையா?"

தப்பு என் மேல்தான். நமக்குக் கான்வென்ட் என்றதும் யூனிஃபார்மும் சிஸ்டரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்பானிஷில் 'கொன்வென்தோ' என்றால் துறவிகள் மடம். ஆண்கள் மடத்துக்கும் அதே சொல்தான். இதைக் கட்டியவர்கள் டொமினிக்கன் சபைத் துறவிகள். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை முடியும் முன்பே, 1608இல் குடிவந்துவிட்டார்கள்.

சரி, ராணுவம்? 1859இல் மெக்சிகோ ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸின் அரசு சர்ச் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. ஹுவாரெஸே வஹாகாக்காரர், சபோடெக் பழங்குடியில் பிறந்தவர். சொந்த ஊர் மடம் என்று விட்டுவைக்கவில்லை. அது படைமுகாம் ஆனது. சிப்பாய்கள் இருந்த காலத்தில் சர்ச்சின் பழைய பீடங்களும் போயின. இன்று தகதகவென்று மின்னுகிற பிரதான பீடம் 20ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தது. அதன் முன்னால் நின்று நானூறு வருஷத்துத் தங்கம் என்று ரீல்ஸ் போட்டுவிடாதீர்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்ச் மட்டும் திரும்ப வழிபாட்டுக்கு வந்தது. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. மியூசியமாக இருப்பது அதை ஒட்டிய மடம். அங்கிருந்து ராணுவம் முழுதாக வெளியேறியது 1990களில்தான்.

அப்போது வந்தது அடுத்த ஆபத்து. காலியான இடத்தில் ஹோட்டல், கார் பார்க்கிங் என்று திட்டம் போட்டார்கள். ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோவும் ஊர்க்காரர்களும் விடவில்லை. என்னைக் கேட்டால், சிப்பாய்களைவிட அந்த ஹோட்டல்தான் பெரிய சேதம் செய்திருக்கும். பழைய கட்டுமான முறையிலேயே செப்பனிட்டு, 1998இல் பண்பாட்டு மையமாகத் திறந்தார்கள்.

உள்ளே முக்கியமாகப் பார்க்க வேண்டியது 7ஆம் எண் கல்லறைப் புதையல். பக்கத்தில் இருக்கும் மோன்தே அல்பான் மலையில் 1932இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ தோண்டி எடுத்தது. தங்க நகைகள், பச்சைக்கல், டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த மண்டையோடு எல்லாம் மிஷ்தெக் பழங்குடி மக்களுடையவை. அந்த மக்களின் சமயத்தை ஒழிக்க வந்த துறவிகளின் மடத்துக்குள் இன்று அவர்களுடைய பொக்கிஷம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி. பழைய நூல்களுக்கு பர்கோவா நூலகம் தனியாக இருக்கிறது.

அப்புறம் பின்பக்கத் தாவரத் தோட்டம். அங்கே சப்பாத்திக் கள்ளி மேல் வெள்ளைப் பொடி மாதிரி ஒட்டியிருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பு. கொச்சினீல் பூச்சி அது. காலனிக் காலத்தில் அந்த ஊர்ப் பணத்தில் பெரும்பங்கு இந்தப் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தில் வந்ததுதான். நம்ம சைதாப்பேட்டையிலும் இதற்காகவே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் கள்ளித் தோட்டம் போட்டார். வந்து சேர்ந்ததோ மட்ட ரகப் பூச்சி, தொழில் படுத்துவிட்டது. அந்தக் கதையைத் தனி வீடியோவாகவே போடுகிறேன்.