தொட்டி கழுவின மறுநாள் மீன் சாகுதே, என்ன நோய்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "2 அடித் தொட்டி. 5 கோல்டு ஃபிஷ், ஒரு கௌராமி, ஒரு சக்கர் (கண்ணாடியில ஒட்டிக்கிற மீன்). ஆறு மாசமா தண்ணி குறைஞ்சா ஊத்துறதோட சரி. ஞாயித்துக்கிழமை பாதித் தண்ணியை எடுத்துட்டு, கல்லை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சை பைப்புல நல்லா பிழிஞ்சு கழுவிட்டு, மோட்டார் போட்டு ஹோஸ்ல நேரா போர் தண்ணி விட்டேன். காலைல பெரிய மீன் ரெண்டும் செத்து மிதக்குது, உடம்புல வெள்ளையா பஞ்சு மாதிரி. கடையில நீல மருந்து கொடுத்தாங்க, ஊத்தினேன். மூணு நாள்ல மீதி மூணும் போயிடுச்சு. கௌராமியும் சக்கரும் மட்டும் நல்லா இருக்கு. இது என்ன நோய்?"

நோயே இல்லைங்க இது. தண்ணி. அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுறாங்க. செத்த மீன் ராத்திரி பூரா தண்ணியில கிடந்தா பூஞ்சை பிடிக்கும். அது செத்த பிறகு வந்தது. முந்தின நாள் உயிரோட நீந்தும்போது அந்தப் பஞ்சு இருந்துச்சா? இல்லைன்னா அதைக் காரணமா எடுத்துக்காதீங்க.

மீன் திடீர்னு செத்தா, என்ன மருந்துன்னு கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. எத்தனை மணி நேரத்துல செத்துச்சு? எது பிழைச்சுது? இவங்க கேள்வியிலயே ரெண்டுக்கும் பதில் இருக்கு.

முதல் ராத்திரி போனது பெரிய மீனுங்க. பிழைச்சது கௌராமியும் சக்கரும். கௌராமி மேல வந்து வெளிக்காத்தைச் சுவாசிக்கும், அதுக்குன்னே தலைக்குள்ள ஒரு உறுப்பு இருக்கு. சக்கரும் அவசரத்துக்கு மேல வந்து காத்தை விழுங்கிச் சமாளிக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த வசதி இல்லை, செவுளை நம்பித்தான் இருக்கு. அதுலயும் உடம்பு பெருசா இருந்தா ஆக்சிஜன் தேவையும் அதிகம். பெருசு முதல்ல போய், காத்து குடிக்கிற மீன் பிழைச்சுதுன்னா, முதல் சந்தேகம் ஆக்சிஜன் மேலதான்.

ஆக்சிஜன் ஏன் குறைஞ்சுது? ஆழத்துல இருந்து அப்பத்தான் ஏறி வர்ற போர் தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும், கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைஞ்சிருக்கும். பார்க்க கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால நல்ல தண்ணின்னு நினைச்சுடுவோம். மாடித் தொட்டியில விழுந்து ஒரு நாள் நின்ன தண்ணின்னா பரவாயில்லை. இவங்க மோட்டார்ல இருந்து நேரா விட்டிருக்காங்க. போதாததுக்கு நம்ம ஊர் வெயில். 25 டிகிரியில லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில 7.5 தான். அதுவும் முழுசா காத்து கலந்த தண்ணிக்கு.

சரி, அடுத்த மூணு நாள்ல மீதி ஏன் செத்துச்சு? இது வேற கதை, இதைக் கவனமா கேளுங்க. ஆறு மாசம் தண்ணி மாத்தாத தொட்டியில பி.ஹெச்., அதாவது தண்ணியோட அமில-கார அளவு, கொஞ்சம் கொஞ்சமா இறங்கி 6 பக்கம் வந்திருக்கும். அந்த அளவுல, மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவைச் சாப்பிடுற பாக்டீரியா சரியா வேலை செய்யாது, அம்மோனியா சேரும். ஆனா மீன் சாகாது. ஏன்னா பி.ஹெச். 6-ல அது கிட்டத்தட்ட முழுக்க அம்மோனியமா, அதிக விஷம் இல்லாத வடிவத்துல இருக்கும். பி.ஹெச். ஒரு எண் ஏறினா விஷ அம்மோனியாவோட பங்கு ஏறக்குறைய 10 மடங்கு கூடும். 6-ல இருந்து 8-க்குப் போனா கிட்டத்தட்ட 100 மடங்கு. பாதித் தண்ணி மாத்தி மொத்த அம்மோனியாவைப் பாதியாக் குறைச்சாலும், விஷ அம்மோனியாவோட அளவு 40, 50 மடங்கு ஏறிடும். மீன் அதே இடத்துலதான் இருக்கு, தண்ணிதான் மாறிப்போச்சு.

இன்னொண்ணு. போர் தண்ணியைப் பிடிச்ச உடனே பி.ஹெச். பார்த்தா 7, 7.2-ன்னு காட்டும். அதுல கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதால அப்படி. ஒரு பக்கெட்ல ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) போட்டு ஓட்டி மறுநாள் பாருங்க, 8, 8.2-ன்னு ஏறியிருக்கும். தொட்டிக்குள்ளயும் இதேதான் நடந்திருக்கும். முதல் ராத்திரி மூச்சுத் திணறல், காத்து சரியானதும் பி.ஹெச். ஏறி அம்மோனியா.

ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு வெள்ளையாக்கினதுல, அதுல குடியிருந்த பாக்டீரியா பெரும்பகுதி சாக்கடைக்குப் போயிடுச்சு. மிச்சம் இருந்ததுக்கு அந்த நீல மருந்து, மெத்திலீன் ப்ளூ, அது வேட்டு வச்சிடுச்சு. காரணம் தெரியாம மெயின் தொட்டியில அதை ஊத்தவே ஊத்தாதீங்க. தனி பக்கெட்ல போட்டுச் சிகிச்சை பண்ண வேண்டிய மருந்து அது.

இப்ப இதே மாதிரி வேற வீட்டுல நடந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? தண்ணி மாத்தின சில நிமிஷத்துலயே மீன் துள்ளி, கண்ணாடியில மோதி, செவுள் வெளிறிச் சாகுதுன்னா குளோரின். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணி, இல்லை சம்ப்புல ப்ளீச்சிங் பவுடர் போட்டிருப்பாங்க. தண்ணி மாத்தவே இல்லை, ஆனா மீன் வலிப்பு வந்த மாதிரி சுத்துது, இறால், நத்தை எல்லாம் சேர்ந்து போகுதுன்னா வீட்டுல யாராவது கொசு மருந்தோ கரப்பான் ஸ்ப்ரேயோ அடிச்சாங்களான்னு கேளுங்க. ஏர் பம்ப் அறைக் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. அந்த மருந்து மனுஷனை விட மீனுக்குப் பல மடங்கு விஷம். ராத்திரி கரண்ட் போய் விடியக்காலைல செத்ததுன்னா ஆக்சிஜன். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடின டப்பா மாதிரி ஃபில்டர்) வச்சிருக்கவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்துட்டு வந்தா, மூடின டப்பாவுக்குள்ள பாக்டீரியா செத்து நாறிப்போன தண்ணி அப்படியே தொட்டிக்குள்ள வரும். திறந்து அலசிட்டு ஓட்டுங்க.

செத்துச் சில நிமிஷத்துக்குள்ளன்னா செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க. நல்ல சிவப்பா இல்லாம சாக்லேட் கலர்ல இருந்தா நைட்ரைட், அதாவது அம்மோனியாவை பாக்டீரியா மாத்தும்போது வர்ற இன்னொரு விஷம். அதுக்கு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைச்சு விட்டா நைட்ரைட் ரத்தத்துல ஏறுறது குறையும். செத்து ரொம்ப நேரம் ஆன மீன்ல செவுள் எப்படியும் வெளிறிடும், அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

உடனே செய்ய வேண்டியது என்னன்னா, செத்ததை எடுத்துட்டு ஏர் ஸ்டோனை முழு வேகத்துல ஓட விடுங்க. தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சுத்தமான பாட்டில்ல 200 மில்லி தொட்டித் தண்ணி எடுத்து வைங்க. மாத்திட்டா ஆதாரம் போச்சு. துளி டெஸ்ட் கிட்ல அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச். மூணையும் பாருங்க. கிட் காட்டுறது மொத்த அம்மோனியா, அதனால பி.ஹெச். சேர்த்துப் பார்க்காம அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. தீனி ரெண்டு நாள் வேண்டாம், பட்டினியால மீன் சாகாது. இந்த மாதிரி பழைய தொட்டின்னா ஒரே அடியா பாதி மாத்தாதீங்க. முந்தின நாள் பிடிச்சு காத்து ஓட்டின தண்ணியில தினம் 10 சதவீதம். குழாய்த் தண்ணின்னா ஆன்டி குளோரினும் சேர்த்து. ஸ்பாஞ்சைத் தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ரெண்டு பிழி பிழிஞ்சா போதும், அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

சகோதரிக்கு இன்னும் ஒண்ணு சொல்லணும். 2 அடித் தொட்டியில கல்லெல்லாம் போக 45 லிட்டர் தண்ணி நின்னா அதிகம். கோல்டு ஃபிஷ் 5 அதுக்கு ரொம்ப ஜாஸ்தி, அது கழிக்கிற கழிவு அப்படி. இப்ப இருக்கிற கௌராமியையும் சக்கரையும் அதுலயே விடுங்க. நீல மருந்தை எடுக்க ஃபில்டர்ல கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ஓட்டுங்க. அதுங்க கழிவுலயே பாக்டீரியா திரும்ப வளரும், 4-ல இருந்து 6 வாரம் எடுக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டுற வரைக்கும் கடைப் பக்கமே போகாதீங்க. சக்கர் பெருசா வளர்ற ஜாதி, அதுக்கே இந்தத் தொட்டி சீக்கிரம் பத்தாமப் போயிடும். அதனால கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பதிலா சின்ன மீனா பாருங்க.