செட்லிஸ்ட் தாள் கைக்கு வந்த கதையும் கமெண்ட்டில் நடக்கும் குடுமிப்பிடிச் சண்டையும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் முகத்தில் பல்லெல்லாம் தெரிகிறது, காரணம் இருக்கிறது. இதோ பாருங்கள். இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். ஆங், இப்போது தெரிகிறதா? செட்லிஸ்ட், அதாவது அன்றைக்கு மேடையில் வாசிக்கப் போகும் பாட்டுகளின் வரிசை. மேடைத் தரையில் ஒட்டியிருந்த அசல் தாள், பிரிண்ட் எடுத்த நகல் இல்லை. மூலையில் கறுப்பு டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலை மட்டும் கிழிந்துவிட்டது, ஏனென்றால் டேப் தரையை விட மறுத்துவிட்டது. இங்கே, நடுவில், அரை ஷூ அச்சு. யாருடையது என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். நான் எப்போதும் சொல்வதுதான்: நடுவில் நிற்காதீர்கள், பேஸ் கிட்டார் பக்கம் நில்லுங்கள். பாடகர் முன்னால் இடிபட்டுச் சாகும் கூட்டத்தில் கால்வாசிகூட அந்தப் பக்கம் இருக்காது. கடைசிப் பாட்டு முடிந்து விளக்கு போட்டதும் எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மேடை ஊழியர்கள் கேபிள் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் கையைக் காட்டினேன், கண்டுகொள்ளவில்லை. இன்னொருவர் முதல் தாளை எடுத்து என் பக்கத்தில் நின்ற குட்டிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். குழந்தையோடு போட்டி போட முடியுமா? சிரித்துக்கொண்டே நின்றேன், உள்ளே எரிந்தது. அப்புறம் அதே மனிதர் திரும்பி வந்து, பேஸ்காரர் காலடியில் இருந்ததைப் பிய்த்து, உருட்டி, கம்பிக்கு மேலே நீட்டினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பேண்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கமெண்ட் பகுதியைப் பூட்ட வேண்டிவரும்.

தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். முழுப் பாட்டுப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அவர்களுக்குள் புழங்கும் செல்லப் பெயர். சில பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து. கிட்டாரின் ஸ்ருதி மாறும் இடம் அது. நீண்ட பாட்டுக்கு முன்னால் 'பேச்சு' என்று போட்டிருக்கிறது. பாடகர் அன்றைக்கு மனம் உருகிப் பேசினாரே, அந்தப் பேச்சுக்கும் தாளில் ஒரு வரி! கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு பாட்டு. நாம் தொண்டை கிழியக் கத்தி வரவழைத்தோமே ஒன்ஸ் மோர், அது. இந்தப் போலி விடைபெறுதல் எனக்கு அறவே பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். வாசிக்கப் போகிறீர்கள் என்றால் நின்று வாசியுங்களேன், எதற்கு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்?

சரி, சண்டைக்கு வருகிறேன். கோட்டுக்கு மேலே ஒரு பாட்டு மார்க்கரால் அடிக்கப்பட்டிருக்கிறது, அன்றைக்கு அதை வாசிக்கவில்லை. எந்தப் பாட்டு? இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, மெதுவாகப் போகுமே, அது. இந்தச் சேனலை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தாளைப் படம் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். ஒரு கட்சி, "ஏமாற்றிவிட்டார்கள், அதுவும் ஊர் ஊராக அதே வரிசை, சோம்பேறிகள்" என்கிறது. இன்னொரு கட்சி, "போனோமா ரசித்தோமா என்று இருக்க வேண்டியதுதானே, இது என்ன பரீட்சையா?" என்கிறது. இரண்டு கட்சி மேலும் எனக்குக் கோபம்.

முதலில் சோம்பேறிக் கட்சி. பெரிய மேடையில் விளக்கு, திரைக் காட்சி, புகை, நெருப்பு எல்லாம் பாட்டுக்குப் பாட்டு முன்கூட்டியே புரோகிராம் செய்யப்பட்டவை. டிரம்மர் காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓடும், அதோடு இணைந்து டைம்கோட் என்ற நேரக் குறியீடு ஓடும், அது சொன்னால் திரையில் படம் மாறும். திடீரென்று "இன்றைக்கு வேறு பாட்டு" என்றால் பாட்டு வரும், பின்னால் இருட்டுதான் இருக்கும். அதோடு குரல் என்று ஒன்று இருக்கிறது. உச்சத்தில் பாட வேண்டிய மூன்று பாட்டை அடுத்தடுத்து வைத்தால் நாளைக்கு அந்த மனிதர் பேசக்கூட மாட்டார். நடுவில் ஒரு மெதுவான பாட்டு வருவது பல சமயம் டிரம்மரின் தோளுக்காக.

ஆ, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆரம்பப் பாட்டுகள் ஏன் எப்போதும் தடதடவென்று இருக்கின்றன என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். கூட்டத்தைப் பிடித்து இழுக்க என்பது ஒன்று. இன்னொன்று, பத்திரிகைப் புகைப்படக்காரர்களை மேடைக்கு முன்னால் விடுவது பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான். மறுநாள் எல்லாப் படத்திலும் வரப்போவது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம். சும்மா விடுவார்களா?

எங்கே விட்டேன்? அடிக்கப்பட்ட பாட்டு. அன்றைக்குக் கதவு திறந்ததே தாமதம், முதலில் வாசித்த பேண்ட் அதனால் தாமதம், ஆனால் இரவு இத்தனை மணிக்குள் சத்தம் நிற்க வேண்டும் என்ற கெடு மட்டும் நகராது. 2012இல் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் ஒரே மேடையில் நிற்கிறார்கள், நேரம் தாண்டிவிட்டது என்று ஒலியையே அணைத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நன்றி சொல்லக்கூட மைக் இல்லை. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் ஆட்கள் ஒரு பாட்டை வெட்டாமல் என்ன செய்வார்கள்? வெட்டியதில் எனக்கு வருத்தம்தான், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

இதற்காக, மாற்றி வாசிப்பவர்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பியர்ல் ஜாம் என்ற ராக் பேண்ட் இரவுக்கு இரவு வரிசையை மாற்றுவதற்கே பெயர் போனவர்கள். ஃபிஷ் பேண்ட் 2017இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவு வாசித்தார்கள், ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை. பதிமூன்று இரவு, மக்களே! மெட்டாலிகா பேண்ட் 2023இல் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தில் ஓர் ஊருக்கு இரண்டு இரவு, முதல் நாள் வாசித்தது இரண்டாம் நாள் கிடையாது என்று வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது டெய்லர் ஸ்விஃப்ட் செய்த ஏற்பாடு. எராஸ் என்ற சுற்றுப்பயணத்தில் 149 கான்சர்ட், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லாம் கணக்காகக் கட்டப்பட்டது. அதில் ஓர் இடம் மட்டும் திறந்து விட்டார், கிட்டாரும் பியானோவுமாக அன்றன்றைக்கு வேறு வேறு பாட்டு. விளக்குக்காரருக்கும் தலைவலி இல்லை, ரசிகருக்கும் தூக்கம் இல்லை.

ஒன்று கவனித்தேன். "அதே வரிசை, அதே வரிசை" என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒவ்வொரு ஊர்க் கான்சர்ட்டையும் போனில் பார்த்துவிட்டு வருபவர்கள். அந்த ஊரில் அன்றைக்கு முதல்முறை கேட்கிறவருக்கு அது முதல் இரவுதான் சாமி.

இப்போது "சும்மா ரசி" கட்சி. உங்களிடம்தான் எனக்கு அதிகக் கோபம். இப்படி வாதாடுவதும் ரசிப்பதில் சேர்த்திதான். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் பேண்டின் ரசிகர்கள் எந்த இரவில் எது வாசித்தார்கள் என்று எழுதி வைத்து, ஒலிநாடாவில் பதிந்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1984இல் பேண்டே அவர்களுக்கு ஒலிக்கலவை மேடைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அவர்களிடம் போய் "சும்மா ரசி" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வாதத்துக்கும் ஒரு நியாயம் வேண்டும். 2017இல் லண்டன் வெம்ப்ளியில் ஏ.ஆர்.ரஹ்மான் கான்சர்ட் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்ப் பாட்டு அதிகம் என்று சிலர் பாதியில் எழுந்து போனார்கள், காசைத் திருப்பிக் கேட்டார்கள். நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று இன்று நாளை'. டிக்கெட்டில் பெயரைப் படித்துவிட்டுத்தானே வாங்கினீர்கள்? இதைத் தமிழர் என்பதால் சொல்கிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாம், அதனாலும்தான்.

என் உண்மையான எதிரி வேறு. அன்றைக்கு எனக்குப் பின்னால் ஒருவர். முந்தைய ஊரின் வரிசையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பக்கத்து ஆளிடம், "அடுத்து இதுதான் பாரு, அதுக்கப்புறம் அது." முதல் ஸ்வரம் விழுந்ததும் கூட்டமே ஒரு நொடி மூச்சைப் பிடித்து, அப்புறம் "ஏய்ய்ய்" என்று வெடிக்குமே, அதற்காகத்தான் நான் வரிசையைப் பார்க்காமல் போகிறேன். அவர் அதை ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் முன்னாலேயே கொன்றுவிட்டார். காதடைப்பானைத் தாண்டிக் கேட்கிறது அந்தக் குரல். பாப் டிலன் சமீப காலச் சுற்றுகளில் போனை எல்லாம் பையில் போட்டுப் பூட்டச் சொல்கிறாரே, முன்பு அது கொஞ்சம் ஓவர் என்று இங்கேயே பேசியிருக்கிறேன். இப்போது அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

வரிசையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. எந்தப் பாட்டில் கழிப்பறைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள். அது மனிதத் தேவை.

கடைசியாக மெட்லி. என் கருத்தை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எட்டுப் பாட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பல்லவி, முடிந்தது. கை தட்டத் தூக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். நேரமில்லையா, இதோ இந்தத் தாளில் செய்த மாதிரி மார்க்கரை எடுத்து அடித்துவிடுங்கள். கால் பாட்டு பாடாதீர்கள். இதில் சமரசமே கிடையாது. திட்ட வேண்டியவர்கள் கமெண்ட்டில் தாராளமாகத் திட்டலாம். பாட்டுப் பெயர் சொல்லித் திட்டுவதாக இருந்தால் மேலே ஸ்பாய்லர் என்று ஒரு வரி போட்டுவிட்டுத் திட்டுங்கள், இதே சுற்றில் அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கி வைத்திருப்பவர்கள் நம் சேனலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.