சுவரொட்டிக்குள் ஒரு இரும்புக் குலுக்கை

நேயர்களுக்கு வணக்கம். ஃபெரிட்டின் என்ற புரதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மதுரைக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் நடத்திய காலம் முழுக்க எனக்கு அலுக்காத பாடம் இது ஒன்றுதான். பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் சுவரொட்டி சாப்பிட்டவர்கள் எல்லோரும் இதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் "ரத்தம் ஊறும், சாப்பிடு" என்று மிளகைத் தட்டிப்போட்டு வதக்கிக் கொடுப்பார்களே, அதேதான்.

அந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. நம் ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுக்களைப் பிடித்து உடைக்கிற வேலை பெரும்பாலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் நடக்கிறது. உடைத்தால் உள்ளேயிருந்த இரும்பு வெளியே வரும், அதை உடம்பு வீணாக்குவதில்லை, ஃபெரிட்டினுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

இந்தப் புரதத்தை முதன்முதலில் தனியாகப் பிரித்ததும் மண்ணீரலிலிருந்துதான், ஆட்டுடையது இல்லை, குதிரையுடையது! 1937இல் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த விலெம் லௌஃப்பெர்கர் என்ற விஞ்ஞானி குதிரை மண்ணீரலிலிருந்து சாறு எடுத்து, அதில் காட்மியம் சல்பேட் சேர்த்தார். செம்பழுப்பு நிறத்தில் படிகங்கள் இறங்கின. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இரும்பு! ஒரு புரதத்துக்குள் இத்தனை இரும்பு இருக்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்று. மண்ணீரலை அரைத்துத் தண்ணீரில் கலக்கி 70 டிகிரிக்குச் சூடாக்கினால் மற்ற புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து கட்டியாகிவிடும். வடிகட்டினால் கீழே இறங்குகிற நீர் துரு கரைத்தது போல நிறமாக இருக்கும். அந்த நிறம் ஃபெரிட்டினுடையது, அந்தச் சூட்டில் அது அசையவே இல்லை.

சரி, இரும்பை ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்? நம் உடம்பில் மொத்தமே 3, 4 கிராம்தான் இருக்கிறது. அதுவும் கட்டவிழ்ந்து திரிந்தால் ஆபத்து. இரண்டு மின்னேற்றம் உள்ள இரும்பு, செல்லுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடோடு சேர்ந்தால், எதைத் தொட்டாலும் சேதப்படுத்துகிற ஒரு துகள் பிறக்கும். மூன்று மின்னேற்றம் உள்ள இரும்போ தண்ணீரில் கரையாமல் துருவாகப் படிந்துவிடும். கரைந்தாலும் கெடுதல், படிந்தாலும் உபயோகமில்லை. அதனால் துருவாகவே, ஆனால் ஒரு கூட்டுக்குள் அடைத்து வைக்கிறது உடம்பு. நம் ஊர்ப்பக்க வீடுகளில் தானியம் கொட்டி வைத்த குலுக்கை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூடு 24 புரதச் சங்கிலிகள் கூடிச் செய்த உருண்டை. வெளிவிட்டம் 12 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 80,000க்கு மேல் வரிசையாக நிற்கும். உள்ளே 8 நானோமீட்டர் வெற்றிடம், அதில் 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும். மூன்று சங்கிலிகள் கூடும் இடங்களில் சின்னத் துளைகள், மொத்தம் எட்டு. துளையின் ஓரங்களில் அஸ்பார்டிக் அமிலமும் குளுட்டாமிக் அமிலமும் எதிர்மின்னேற்றத்தோடு நிற்பதால் நேர்மின்னேற்றம் உள்ள இரும்பு தானாக இழுபட்டு உள்ளே வருகிறது.

சங்கிலிகளில் இரண்டு வகை, கனமானது ஒன்று, லேசானது ஒன்று. கனமானதன் நடுவே ஓர் இடம். அங்கே இரண்டு இரும்பணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும், குளுட்டாமிக் அமிலங்களும் ஒரு ஹிஸ்டிடினும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் வந்து இரண்டு மின்னேற்றத்தை மூன்றாக்கும், அப்புறம் இரும்பு அங்கே தங்காமல் உள்ளே நகர்ந்துவிடும். இரும்பைப் பிடித்தே வைத்திருக்காமல் மாற்றி அனுப்பிவிடுகிற அந்த இடம்தான் இந்தப் புரதத்தின் உயிர்நாடி என்பேன். துத்தநாகம் வந்து அதில் உட்கார்ந்துவிட்டால் வேலை தடைப்படும். லேசான சங்கிலியின் உட்புறத்தில் துரு முதலில் படிய இடம் கிடைக்கிறது. வேலை மும்முரமான இதயத்தில் கனமான வகை அதிகம், சேமிப்பு முக்கியமான கல்லீரல், மண்ணீரலில் லேசான வகை அதிகம்.

இரும்பு தேவைப்பட்டால்? பெரும்பாலும் குலுக்கையையே உடைக்க வேண்டியதுதான். செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குக் கூட்டை அப்படியே கொண்டுபோய்க் கரைத்து எடுக்கிறது உடம்பு.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஆனால் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாமோ ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு "12 இருக்கு, பரவாயில்லை" என்கிறோம். சேமிப்பு முதலில் காலியாகும், ஹீமோகுளோபின் அப்புறம்தான் இறங்கும். நன்றாகக் கவனியுங்கள், சேமிப்பு முதலில்! ரத்தத்தில் இருக்கிற ஃபெரிட்டினை அளந்து சேமிப்பு எவ்வளவு என்று காட்டுகிற சீரம் ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, காரணமில்லாத அசதியும் முடி கொட்டுவதும் இருந்தால் அதை டாக்டரிடம் கேளுங்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது. காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது பார்த்தால் எண் தானாக ஏறியிருக்கும், அதை நம்ப முடியாது.

பயறு வகைகளிலும் இதே புரதம் உண்டு, அதை விரிக்க இன்று வழியில்லை. பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், டீ காபியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். வணக்கம்.